எண்ணெய்ச்சட்டி வெக்காத வூடு

எனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுலேருந்து எங்க செராமிக் ஷெட்டுத் தெரு வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, சம்சாத் பேகம் வூட்டு வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா காது ரெண்டும் அடைச்சுக்கும்னு. சொல்லிட்டுப் போகட்டும். பேசுறவங்களால எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்ல. பேசாதவங்களப் பாத்தாத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கும். அப்படி என்னை நடுங்க வெச்சவங்க எதிர்த்த வூட்டு சொர்ணாம்பாள் அக்கா. பதினோரு மாசம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

திட்டல. சண்டைக்கு வரல. மண்ண வாரித் தூத்தல. தெருக்குழாயில தண்ணி புடிக்கறப்ப நான் போய் நின்னா, பாதி ரொம்பின குடத்தத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடும். "அக்கா, அக்கா"ன்னு எத்தனையோ தடவை பின்னாடியே போயிருக்கேன். கதவைச் சாத்துற சத்தம்தான் கேக்கும். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தா அழுதுட்டு ஆறியிருப்பேன். அந்த நாலு கேள்விக்குத்தான் பதினோரு மாசமா ஏங்கிக் கெடந்தேன்.

இருபத்தாறு வருஷப் பழக்கம் எங்களுது. நான் கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வந்தப்ப அக்காவுக்குத் தமிழ்ச்செல்வன் கைக்கொழந்தை. அடுத்த வருஷம் எனக்கு ஷாநவாஸ் பொறந்தான். அக்கா செராமிக் ஷெட்டுல பிசிறு எடுக்கிற வேலை பாக்குது. அச்சுலேருந்து எடுத்த பொம்மையில, அகல் விளக்குல ஓரமா மண்ணு நீட்டிக்கிட்டு நிக்குமில்ல, அதை ஈரப் பஞ்சால தேச்சு வழவழன்னு ஆக்கிக் குடுக்கணும். நான் வூட்டுலயே பலகாரம் போட்டுக் கடைங்களுக்குக் குடுக்கிறவ. தேங்காயும் வெல்லமும்தான் என் பொழப்பு. தேங்கா மிட்டாய், பொரிவிளங்கா உருண்டை, சுழியம்னு எதைப் போட்டாலும் மொத ஈடு எதிர்த்த வூட்டுக்குத்தான் போகும். ரம்ஜானுக்கு எங்க வூட்டு நோன்புக்கஞ்சி அங்க, தீபாவளிக்கு அவங்க வூட்டு அதிரசம் இங்க. என் மாமியா மௌத்தானப்ப எங்க வூட்டுல மூணு நாளு அடுப்பு எரியல. மூணு நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்டது இந்த அக்காதான்.

ஒம்பது வருஷத்துக்கு முன்ன அக்கா வூட்டுக்காரரு ராஜமாணிக்கம் அண்ணன் மாரடைப்புல போயிட்டாரு. அந்த வருஷம் தீபாவளிக்கு அவங்க எண்ணெய்ச்சட்டி வெக்கல. சாவு வுழுந்த வூட்டுல வருஷம் திரும்பற வரைக்கும் அவங்கள்ல பலகாரம் சுடமாட்டாங்க. சொந்தக்காரங்களும் அக்கம்பக்கமும்தான் சுட்டுக் கொண்டாந்து குடுக்கணும். நான் தேங்காப் பூரணம் வெச்சு சுழியம் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். கையில குடுக்கப் போனப்ப அவங்க சொந்தக்கார அம்மா ஒருத்தங்க தடுத்துட்டாங்க. "துக்கத்துக்குக் கொண்டாற பலகாரத்தக் கையில குடுக்கக் கூடாதும்மா, தரையில வெச்சிடணும்"னாங்க. அப்படியே வெச்சேன். அக்கா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதுச்சு. அதை நம்பித்தான் இந்த வருஷம் நான் இந்தக் காரியத்தப் பண்ணேன்.

தமிழ்ச்செல்வன் விஷயத்த மொதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா ஒண்ணும் வெளங்காது.

என் புள்ள ஷாநவாஸ் சார்ஜாவுல ஒரு சரக்குக் கம்பெனியில வேலை பாக்குறான். தமிழு இங்கியே சூளையில சாமான் அடுக்குற வேலைக்குப் போய்க்கிட்டிருந்தான். ஒரு நாளு அக்கா வந்து, "சம்சாத்து, உன் புள்ளகிட்ட சொல்லி எம்புள்ளைக்கும் ஒரு வழி பண்ணுடி. சூளை வாசல்லயே நின்னு வெந்துக்கிட்டிருக்கான்"னு சொல்லுச்சு. அன்னிக்கே ஷாநவாஸுக்குப் போன் போட்டேன். "இப்ப லாஞ்சுலதான்ம்மா ஆளு கேக்குறாங்க. சின்னக் கப்பலு, சமையலுக்கு ஒரு ஆளு. கடல் வேலை தமிழுக்கு ஒத்து வராது. கொஞ்ச நாளு பொறுக்கச் சொல்லு"ன்னான். நான் பொறுக்கிற ஜாதியா? "பெரியம்மா வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டா யோசிப்பியா நீ? நாலு காசு பாத்ததும் பெரிய மனுஷனாயிட்டியா?"ன்னு தினம் போன் போட்டு அவன் உயிர எடுத்தேன். பத்தாவது நாளு சரின்னுட்டான்.

தமிழு போயி நாலு மாசம். போன கார்த்திகையில அந்த லாஞ்சு காத்துல மாட்டி முழுகிடுச்சு. ஏழு பேரு இருந்தாங்க. அஞ்சு பேரக் காப்பாத்திட்டாங்க, ஒருத்தரு உடம்பு கெடைச்சுது. தமிழு உடம்பு கெடைக்கல. கம்பெனியிலேருந்து வந்த கடுதாசியில 'காணவில்லை'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு. அதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டினது எங்க வூட்டுக்காரரு நூர் முகம்மதுதான். அன்னிக்கு மூடினதுதான் அக்கா வாயி.

அதுலேருந்து ஷாநவாஸும் ஊருக்கு வரல. லீவு இருக்குது, கம்பெனியே டிக்கெட்டு தருது, வரமாட்டேங்கிறான். "பெரியம்மா உங்கிட்ட பேசட்டும்மா, அப்பறமா வரேன். அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"ங்கிறான். ஒத்தைப் புள்ள எனக்கு. அவன் வூட்டுக்கு வர்றதும் வராததும் எதிர்த்த வூட்டுக்காரி வாயில இருக்குதுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. அக்கா பேசணும்னு நான் தவிச்சது வெறும் பாசத்துக்குன்னு பொய் சொல்லமாட்டேன். எனக்கு எம்புள்ள வேணும். அந்த வார்த்தை வந்தாத்தான் அவன் வருவான்.

தீபாவளிக்கு மூணு நாளு இருக்கறப்ப சண்முகப்ரியா எங்க வூட்டுக்கு வந்தா. அக்காவோட பொண்ணு, தமிழுக்குத் தங்கச்சி. அவ மட்டும் அம்மாவுக்குத் தெரியாம எங்கிட்ட வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போவா. வெளிய மழை பிசுபிசுன்னு தூறிக்கிட்டிருந்துச்சு. நான் கடைக்காரங்களுக்குத் தேங்கா மிட்டாய் தட்டிக்கிட்டிருந்தேன்.

"உங்க வூட்டுல அதிரசத்துக்கு மாவு இடிச்சாச்சா?"ன்னு சும்மாதான் கேட்டேன்.

"அம்மா எண்ணெய்ச்சட்டி வெக்கக் கூடாதுன்னுட்டாங்க சித்தி"ன்னா. சொல்லிட்டு மழையப் பாத்துக்கிட்டு நின்னா.

கையில இருந்த கரண்டிய அப்படியே வெச்சிட்டேன். சட்டி வெக்கலன்னா துக்கம்னு அர்த்தம். துக்கம்னா, தமிழு இனி வரமாட்டான்னு அக்கா மனசு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். பாவி மக, எந்த நேரத்துல தனியா உக்காந்து ஒத்துக்கிச்சோ, யாரு தோள்ல சாஞ்சுதோன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட மேல ஒண்ணும் கேக்கல. கேட்டா அழுதுடுவாளோன்னு இருந்துச்சு. எதையும் தோண்டித் துருவிக் கேக்குறவ நானு, கேக்க வேண்டிய அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். என்னை எதால அடிக்கிறது?

சாயந்தரம் வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். "நாளன்னிக்கு சுழியம் போட்டு அக்கா வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அவரு ரேடியோவ நோண்டிக்கிட்டே, "எதுக்கும் அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு தடவை கேட்டுக்க சம்சாத்து. பேசாம இருக்கிற வூட்டுல போயி எதையாவது பண்ணி வெக்காத"ன்னாரு.

"ஏன், எனக்குத் தெரியாத வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? ராஜமாணிக்கம் அண்ணனுக்கு நான்தான் எடுத்துட்டுப் போனேன். அன்னிக்கு அக்கா எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சா இல்லியா?"

"அது வேற."

"என்னா வேற? சாவுன்னா எல்லாம் சாவுதான்."

அவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் கடைக்குக் கெளம்பிட்டாரு. அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சரியாப் பேசுவாரு. அன்னிக்குன்னு பாத்துப் பேசியிருக்காரு, எனக்குத்தான் ஏறல.

தீபாவளிக்கு மொத நாளு காலையில பஜ்ரு தொழுதுட்டு அடுப்பப் பத்த வெச்சேன். நாலு தேங்கா ஒடச்சேன். நாலும் நல்ல முத்தல். தண்ணி இனிப்பா இருந்துச்சு. பின்னாடி இருக்கிற கறுப்புத் தோலு வராம வெள்ளையா மட்டும் துருவினேன். கடைக்குன்னா இவ்வளவு பாக்கமாட்டேன், கொஞ்சம் தோலு வந்தா வெல்லத்துல தெரியாது. இது அக்காவுக்கு. ஷெட்டுல உக்காந்து மயிரிழை பிசிறக் கூட வுடாம எடுக்கிறவங்களுக்குப் போற பண்டம்.

வெல்லம் பெண்ணாடம் பக்கத்துலேருந்து வர்றது. கறுத்துப் போயி, பாக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும். வாயில போட்டா தெரியும். நுணுக்கிப் போட்டு ஒரு கை தண்ணி தெளிச்சுக் கரைய வுட்டேன். கரைஞ்சதும் துணியில வடிகட்டினேன், மண்ணு ஒரு சிட்டிகை நின்னுச்சு. மறுபடியும் சட்டியில ஊத்திக் கொதிக்க வெச்சேன். பாகு பதம் பாக்கணும், அதுதான் இதுல உயிரு. கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு வுட்டுப் பாத்தேன், கரைஞ்சுது. ரெண்டாவது தடவை வுட்டேன், அடியில போயி இளகலா நின்னுச்சு. மூணாவது தடவை கையில உருட்ட வந்துச்சு. துருவலக் கொட்டிக் கிண்ட ஆரம்பிச்சேன். கை வுடாம கிண்டணும். வுட்டா அடிப்புடிக்கும், தீய்ஞ்ச வாடை வந்தா தூக்கிக் கொட்ட வேண்டியதுதான்.

கிண்டிக்கிட்டிருக்கறப்ப ஷாநவாஸ் வீடியோவுல வந்தான். போனை மாடத்துல சாய்ச்சு வெச்சுக்கிட்டே கிண்டினேன். கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிக் கெடந்தான்.

"என்னாம்மா, காலையிலியே?"

"சுழியத்துக்குப் பூரணம்."

"யாருக்கு ஆர்டரு?"

"ஆர்டரு இல்லடா. பெரியம்மாவுக்கு."

போனு நின்னுடுச்சோன்னு எட்டிப் பாத்தேன். உக்காந்துதான் இருந்தான்.

"பேசுவாங்களாம்மா?"

"பேசும். பேசாம எங்க போகும்? நீ லீவு எழுதிக் குடுத்து வெய்யி"ன்னேன். அப்படித்தான் எனக்கு நம்பிக்கை. சட்டியில ஒட்டாம பூரணம் சுருண்டு வந்துடுச்சு. ஏலக்காயைத் தட்டிப் போட்டு எறக்கினேன். சூடு ஆறினதும் எலுமிச்சம்பழ அளவு புடிச்சு, அரிசியும் உளுந்தும் அரைச்ச மாவுல முக்கி எண்ணெயில போட்டேன். பொன்னிறமா மெதந்து வந்துச்சு, ஒண்ணு கூட வாய் பிளக்கல. பிளந்தா பூரணம் வெளிய வந்து எண்ணெயே கெட்டுடும். இருவத்தி ஒண்ணு தேறுச்சு. பிஸ்மில்லா சொல்லித் தட்டுல அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடினேன். நல்ல காரியம் பண்றோம்னு இருந்துச்சு எனக்கு.

மழை வுட்டிருந்துச்சு. தெருவுல பசங்க வெடி வெச்சுக்கிட்டிருந்தானுங்க. "டேய், கொஞ்சம் இருங்கடா, தட்டோட போறேன்"னு சத்தம் போட்டுக்கிட்டே தாண்டிப் போனேன். அக்கா வூட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. தட்டால தள்ளித் தொறந்துக்கிட்டு உள்ள போயிட்டேன். கூப்பிட்டா உள்ள போயிப் பூந்துக்கும்னுதான் கூப்பிடல.

அக்கா கூடத்துல பாய் போட்டு உக்காந்து அகல் விளக்குக்குப் பிசிறு எடுத்துக்கிட்டிருந்துச்சு. கார்த்திகை ஆர்டரு, ஷெட்டுலேருந்து வூட்டுக்கே கொண்டாந்திருக்குது. சூளையில போடாத பச்சை விளக்குங்க வரிசை வரிசையா பலகையில இருந்துச்சு. பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி, பஞ்சு. என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கப் பாத்துச்சு. நான் வழிய மறிச்ச மாதிரி நின்னேன். தட்டக் கையில நீட்டல. குனிஞ்சு அது முன்னாடி தரையில வெச்சேன். துணிய எடுத்தேன்.

அக்கா சுழியத்தப் பாத்துச்சு. அது தரையில இருக்கறதப் பாத்துச்சு. அப்பறம் என் மூஞ்சியப் பாத்துச்சு. கையில இருந்த விளக்கு நழுவி வுழுந்து ஒடைஞ்சுது.

"யாரு செத்தாங்கன்னுடி இதை எடுத்தாந்த?"

பதினோரு மாசம் கழிச்சு வந்த வார்த்தை.

"நீ எண்ணெய்ச்சட்டி வெக்கலன்னு ப்ரியா சொல்லுச்சுக்கா. அதான்…"

"வெக்கலன்னா? துக்கத்துக்கா வெக்காம இருக்கேன்? கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருக்கேன்டி! எம்புள்ள இந்த வாசப்படியில காலை வெக்கிற வரைக்கும் வூட்டுல எண்ணெய்ச்சட்டி வெக்கமாட்டேன்னு சாமிக்கு முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன். வந்தா மொதல்ல அவனுக்குத்தான் சுடணும்னு சட்டியக் கவுத்து வெச்சிருக்கேன். நீ என்னடான்னா கருமாதி வூட்டுக்கு எடுத்தார மாதிரி எடுத்தாந்து தரையில வெக்கிற!"

மணவாளநல்லூர்ல இருக்கிற கொளஞ்சியப்பர் கோயில்ல, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கற மாதிரி சாமிக்குக் காயிதத்துல எழுதிக் கட்டிட்டு வருவாங்க. மாட்டைக் காணோம், நகையக் காணோம், எனக்கு நியாயம் பண்ணுன்னு எழுதுவாங்க. அக்கா புள்ளையக் காணோம்னு எழுதிக் கட்டியிருக்குது. அது சட்டி வெக்காதது காத்துக்கிட்டு இருக்கறதுக்கு. நான் அதைச் சாவுன்னு எடுத்துக்கிட்டு, நாலு தேங்கா ஒடச்சு, பதம் பாத்து, பொறுக்கி அடுக்கிக் கொண்டு போயி அதோட மூஞ்சிக்கு முன்னாடி வெச்சிருக்கேன். யா அல்லாஹ், எனக்கு அந்த எடத்துலியே மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

சத்தம் கேட்டு ப்ரியா அடுப்படியிலேருந்து ஓடியாந்தா. தட்டப் பாத்ததும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. "நான் முழுசாச் சொல்லாம போயிட்டேன் சித்தி"ன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அவ மேல என்னா தப்பு? கேட்டிருக்க வேண்டியவ நானு.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. அல்லா மேல ஆணையா தெரியாது. எடுத்துட்டுப் போயிடுறேன். நான் வரவே இல்லன்னு நெனச்சுக்க"ன்னு குனிஞ்சு தட்டப் புடிச்சேன்.

அக்கா தட்டோட இந்த ஓரத்தப் புடிச்சுக்கிச்சு. வுடல.

"கம்பெனிக்காரன் கடுதாசி போட்டான், நான் நம்பல. என் கூடப் பொறந்த சாமிதுரை வந்தான், பொண்ணுக்கு வரன் பாக்கணும், காரியத்த முடிச்சிடுக்கான்னான். வெளிய போடான்னு தொரத்திட்டேன். ஷெட்டுல, கோயில்ல, பஸ்ஸுல, எல்லாரும் ஜாடைமாடையா சொல்லிப் பாத்தாச்சு. நீ ஒருத்திதான் சொல்லாம இருந்த."

"நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

"அதான்டி. எங்கிட்ட பொய் சொல்ல உனக்கு வராது. உங்கிட்ட ஒரு வார்த்தை பேச்சுக் குடுத்தா நீ மனசுல இருக்கறதச் சொல்லிடுவ. நீ சொன்னா நான் நம்பிடுவேன். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் உன்னக் கண்டா குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இப்ப நீ வாயாலயும் சொல்லல. தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டு வந்துட்ட."

இத்தனை நாளும் என்னை வெறுக்குதுன்னு நெனச்சிருந்தேன். என் வூட்டு வாசலப் பாத்துக் காறித் துப்பாத குறைதான்னு வூட்டுக்காரருகிட்ட எத்தனை நாளு பொலம்பியிருக்கேன். கோவமா இருந்தா தாங்கியிருப்பேன். இது தாங்கல.

"எம்மேல கோவம்னு இருந்தேன்க்கா. ஷாநவாஸு வேணாம்னுதான் சொன்னான். கடல் வேலை தமிழுக்கு ஒத்து வராதுன்னு சொன்னான். நான்தான் நச்சரிச்சு நச்சரிச்சு…"

"தெரியும். நீ போன் பேசினா தெருவுக்கே கேக்கும். வேணாம்னு அவன் சொன்னது தெரிஞ்சும் அன்னிக்கு நான் உன்னத் தடுக்கல. எம்புள்ள போகட்டும்னு எனக்குத்தான் ஆசை. கேட்டவ நானு." அக்கா குரலு எறங்கிடுச்சு. "சம்சாத்து, என்னப் பாரு. அவன் வருவானாடி?"

வருவான்க்கான்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? நேத்துப் போட்ட மிட்டாயைக் காலையில போட்டதுன்னு கடைக்காரங்கிட்ட கண்ண மூடிக்கிட்டு சொல்றவ நான். அக்கா கண்ணு என் மேலயே இருந்துச்சு. ப்ரியாவும் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. தெருவுல சரவெடி வெடிச்சு ஓஞ்சுது. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

அக்கா மண்ணு ஒட்டின கையப் பொடவையில தொடச்சுச்சு. ஒரு சுழியத்த எடுத்துச்சு.

எனக்குப் பதறிடுச்சு. ரெண்டு கையாலயும் அதோட மணிக்கட்டப் புடிச்சேன். "வேணாம்க்கா. கீழ வெச்சிடு. பிராது அப்படியே இருக்கட்டும்க்கா. நாளைக்கே கூட வந்து நிப்பான், யாருக்குத் தெரியும்? நான் தலையக் குனிஞ்சத மனசுல வெச்சுக்காதக்கா, வெச்சிடு"ன்னு கத்தினேன். அதை அது தின்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிஷம் எம்புள்ளையெல்லாம் நெனப்புல இல்ல. அக்கா வாயிக்கு அது போகக் கூடாது, அவ்வளவுதான்.

"வுடுடி"ன்னுச்சு. கோவமாச் சொல்லல. என் வெரலை ஒண்ணொண்ணா எடுத்து வுட்டுச்சு. "எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே அவனைப் புடிச்சு நிறுத்தி வெச்சுக்கிட்டிருப்பேன்? கையி ஓஞ்சுபோச்சுடி."

சுழியத்த ரெண்டாப் புட்டுச்சு. பாதிய வாயில போட்டுச்சு. மெதுவா மென்னுச்சு. முழுங்க முடியாம தொண்டை ஏறி ஏறி எறங்குச்சு. ப்ரியா "அம்மா"ன்னு கிட்ட வந்து தோளப் புடிச்சா. அக்கா மீதிப் பாதிய அவ கையில வெச்சு, "தின்னு, உங்கண்ணனுக்குத்தான்"னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு கையில வெச்சுக்கிட்டே கேவிக் கேவி அழுதா. நான் சொம்பத் தேடி அடுப்படிக்கு ஓடித் தண்ணி மோந்துக்கிட்டு வந்தேன். அக்கா குடிச்சுது. குடிச்சப்பறமும் அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

ஈர மண்ணு வாசனையும் ஏலக்கா வாசனையும் கலந்து வந்துச்சு. அக்கா ஒடைஞ்ச விளக்க எடுத்துக் கிண்ணத்துத் தண்ணியில போட்டுச்சு, மண்ணு கரைஞ்சா மறுபடியும் அச்சுக்கு ஆகும்னு. பழக்க தோஷத்துல கை அது பாட்டுக்குச் செய்யுது. அப்பறம் என் பக்கம் திரும்புச்சு.

"ஷாநவாஸு எப்படி இருக்கான்?"

நல்லா இருக்கான்க்கான்னு சொல்ல எனக்குக் கூசுச்சு. அந்த வூட்டுல, அந்தத் தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? "இருக்கான்க்கா"ன்னேன்.

"ரம்ஜானுக்கும் காணோமே. ஏன் வரல?"

"உன் மூஞ்சியில முழிக்கப் பயந்துக்கிட்டு இருக்கான்க்கா."

அக்கா கண்ண மூடிக்கிச்சு. தொறந்தப்ப ரெண்டு கண்ணுலயும் தண்ணி நின்னுச்சு.

"வரச் சொல்லுடி. நாளைக்கே டிக்கெட்டு போடச் சொல்லு. மணிமுத்தாத்தங்கரையில தமிழுக்குக் காரியம் பண்ணணும். ஒடம்புதான் இல்ல, பேரு சொல்லிப் பண்ணித்தான் ஆவணும். சாமிதுரை தாய்மாமன், ஒத்தையா நிப்பான். அண்ணன் தம்பியா வளந்தவன், கூட நிக்க ஒரு ஆம்பளப் புள்ள வேணும் எனக்கு. பெரியம்மா கூப்பிட்டான்னு சொல்லு, வந்துடுவான்."

இந்த வார்த்தைக்குத்தான் பதினோரு மாசம் அல்லாகிட்ட அழுதேன். வந்துடுச்சு. எம்புள்ள வூட்டுக்கு வரப் போறான், தமிழோட காரியத்துக்கு வரப் போறான். "சொல்றேன்க்கா"ன்னேன். அக்கா மடியில தலைய வெச்சுக்கிட்டு அழுதேன். அழ வேண்டியவ எந்தலையத் தடவிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா.